கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? எதுவரை வந்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகலை" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "எதுவரைக்கும் வந்து நிற்கிறது?" என்பதுதான். சுவிட்சை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லையா? ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? லோகோ வந்து அப்படியே நிற்கிறதா? விண்டோஸின் புள்ளிகள் சுற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறதா? பேச்சில் எல்லாமே "ஸ்டார்ட் ஆகலை"தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, கை வைக்க வேண்டிய இடமும் வேறு. ராம் (தற்காலிக நினைவகப் பலகை) தளர்ந்திருந்ததற்காக மதர்போர்டையே (எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகை) மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேபிள் கழன்றதற்காக விண்டோஸை அழித்துப் போட்டு, குழந்தையின் படங்களை எல்லாம் இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைதான் மனதை அதிகம் வருத்துகிறது. அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத சோதனைகள் முதலில் வரும், செலவு வைப்பவை கடைசியில். இது விண்டோஸ் போட்ட டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டுக்கும் பொருந்தும்.

கை வைக்கும் முன்

பெட்டியைத் திறப்பதாக இருந்தால் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, அப்புறம் உள்ளே கை விடுங்கள். எதையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஆன் செய்து பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கருகல் வாசனை, புகை, உள்ளே தண்ணீர் அல்லது காபி கொட்டியது, லேப்டாப்பின் பேட்டரி உப்பி அடிப்பக்கம் தூக்கிக்கொண்டிருப்பது, இந்த நான்கில் எது இருந்தாலும் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நேராக சர்வீஸுக்குப் போங்கள். ஆன் ஆகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் கூடாது.

அறிகுறி 1: பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

டெஸ்க்டாப் என்றால்: கம்ப்யூட்டர் செருகியிருக்கும் அதே இடத்தில் ஒரு டேபிள் லேம்ப்பையோ போன் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பாதீர்கள். அதை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் கொடுங்கள். அடுத்து, பெட்டியின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) இருக்கும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். வீட்டைச் சுத்தம் செய்தபோது இது ஆஃப் ஆகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பின்னால் செருகும் பவர் கேபிளும் பாதி வெளியே வந்திருக்கலாம். மானிட்டரின் கேபிளும் பெரும்பாலும் அதே வகைதான், ஆகவே மானிட்டர் எரிகிறது என்றால் அந்தக் கேபிளைக் கழற்றி இதில் போட்டுப் பார்க்கலாம்.

இதுவரை சரி என்றால் பெட்டியைத் திறந்து, பிளக்கை மறுபடி செருகி, மதர்போர்டில் ஏதாவது விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் மின்சாரம் உள்ளே வருகிறது, பட்டன்மீது சந்தேகப்படலாம். முன்பக்க பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு பின்களில் செருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஒரு ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் மின் இணைப்போடுதான் செய்ய வேண்டும். அங்கே இருப்பது மிகக் குறைந்த வோல்டேஜ், ஷாக் அடிக்காது. ஆனால் பக்கத்துப் பின்களில் முனை படக் கூடாது. கம்ப்யூட்டர் ஆன் ஆனால் கோளாறு பட்டனில்தான். ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் செருகிவிட்டு, இனி அதையே பவர் பட்டனாகப் பயன்படுத்தலாம்.

பின்னைத் தொட்டும் அசைவில்லையா? எஸ்எம்பிஎஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கும் வழி பலருக்குத் தெரியும். நான் அதை நம்புவதில்லை. அதன் ஃபேன் சுற்றுவதால் மதர்போர்டுக்குத் தேவையான அளவு மின்சாரம் தருகிறது என்று அர்த்தமில்லை. நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. அதிலும் வராவிட்டால் மதர்போர்டுதான், சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

லேப்டாப் என்றால்: சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். எளிமையான வேலை என்று தாண்டிப் போகாதீர்கள், என்னிடம் வந்த செத்துப்போன லேப்டாப்களில் பல இதிலேயே எழுந்திருக்கின்றன. அப்படியும் வரவில்லை என்றால் சார்ஜரைப் பாருங்கள். டைப்-சி முனை உள்ள லேப்டாப்பில் போன் சார்ஜரைச் செருகிவிட்டு ஏறவில்லை என்கிறவர்கள் உண்டு. பெரும்பாலான லேப்டாப்களுக்கு 45 அல்லது 65 வாட் தேவை, சாதாரண போன் சார்ஜர் அதைத் தராது. அதே மாடலுக்கான வேறு சார்ஜரில் போட்டும் சார்ஜிங் விளக்கு எரியவில்லை என்றால் சார்ஜிங் முனையோ போர்டோ பழுது. அது போர்டில் இருக்கும் சின்னச் சின்னச் சிப்புகளைச் சரிசெய்யும் 'சிப் லெவல்' வேலை, வீட்டில் முடியாது.

அறிகுறி 2: ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது, அல்லது ஆன் ஆகி ஆன் ஆகி அணைகிறது

சட்டென்று ஒரே நொடியில் அணைந்தால் எங்கோ ஷார்ட் ஆகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. யுஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் உருவுங்கள். யுஎஸ்பி முனைக்குள் தகடு வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அண்மையில் உள்ளே வேலை பார்த்திருந்தால், கழன்ற திருகு ஏதாவது போர்டின் அடியில் விழுந்து கிடக்கிறதா தேடுங்கள்.

சில நொடி ஓடி அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆனால் ராமைக் கழற்றி மாட்டுங்கள் (முறை அடுத்த தலைப்பில்). ஒரு நிமிடம் போல ஓடிவிட்டு அணைந்தால் சூடுதான் காரணம். பிராசசர் மேலிருக்கும் ஃபேன் சுற்றுகிறதா, ஹீட்சிங்க் (ஃபேனுக்கு அடியில் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி) ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அதன் பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்றிருந்தாலே போதும், சூடு இறங்காது. தூசியைத் தட்டி, ஹீட்சிங்குக்கும் பிராசசருக்கும் நடுவில் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் தீர்ந்துவிடும். இவை எதிலும் தீராவிட்டால் எஸ்எம்பிஎஸ், கடைசியில் மதர்போர்டு.

அறிகுறி 3: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை

நான் அதிகம் பார்த்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து, கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் உங்களுக்கு வந்து சேரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் உள்ளேயே எங்கோ நின்றுவிட்டது. இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது: மானிட்டரில் இன்புட் சரியாகத் தேர்ந்திருக்கிறதா பாருங்கள், எச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகிவிட்டு மானிட்டர் விஜிஏவைத் தேடிக்கொண்டிருக்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். சிலர் இடம் மாற்றி வைக்கும்போது மதர்போர்டின் முனையில் செருகிவிடுவார்கள். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் கிராபிக்ஸே கிடையாது, மதர்போர்டு முனையில் என்ன செருகினாலும் படம் வராது. கேபிளை மாற்றிப் பாருங்கள், டிவி இருந்தால் அதில் இணைத்துப் பாருங்கள். லேப்டாப் என்றால் இருட்டறையில் திரைமீது டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் மட்டும்தான் போயிருக்கிறது. வெளி மானிட்டரில் இணைத்து அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம், திரையை அப்புறம் நிதானமாகச் சரிசெய்யலாம்.

கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை: ராமிலிருந்து தொடங்குங்கள். பிளக்கை உருவி, இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கி ராமை எடுங்கள். தங்க நிறப் பற்களைக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் ஐசோபிரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது எல்லாரும் செய்வதுதான். வேறு வழியில்லாவிட்டால் மெதுவாகத் தேய்க்கலாம், ஆனால் ரப்பர் துகள் ஒன்றுகூடத் தங்காமல் ஊதிவிட்டே மாட்ட வேண்டும். மாட்டும்போது கொக்கி 'டிக்' என்று விழும்வரை இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள். புதிதாக மாட்டும் பலர் பயந்துகொண்டு பாதி அழுத்தத்தில் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு அதை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போடுங்கள். நான்கு இடம் உள்ள போர்டில் ஒற்றை ராமைப் பிராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவது இடத்தில் போடுவது வழக்கம். ஒரு ராம் எல்லா இடத்திலும் வேலை செய்து, மற்றொன்று எதிலும் செய்யாவிட்டால் பழுது எது என்று தெரிந்துவிட்டது. டிடிஆர்5 ராம் என்றால் கூடுதல் பொறுமை வேண்டும். ராமை மாற்றியபின் முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள்வரை கறுப்புத் திரையே இருக்கும், போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பாதியில் அணைத்துவிடாதீர்கள்.

போர்டு ஏதாவது சொல்கிறதா என்றும் கவனியுங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எதில் நின்றுபோகிறதோ அதுதான் பிரச்சினை இருக்கும் பக்கம். பழைய போர்டுகள் பீப் அடிக்கும். பீப் எண்ணிக்கைக்கான அர்த்தம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆகவே உங்கள் போர்டின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

ராம் சரி என்றால் பவர் கேபிள்கள். மதர்போர்டுக்கு 24 பின் கேபிள் தவிர, பிராசசருக்கென்று மேல் மூலையில் 4 அல்லது 8 பின் கேபிள் தனியாக உண்டு. அது கழன்றிருந்தால் ஃபேன்கள் எல்லாம் சுற்றும், கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டுங்கள், அதற்குத் தனி பவர் கேபிள் இருந்தால் அதையும். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டை முழுவதுமாக எடுத்துவிட்டு மதர்போர்டு முனையில் பாருங்கள். படம் வந்தால் கார்டுதான்.

கடைசி இலவச முயற்சி, பயாஸின் (விண்டோஸுக்கு முன்பே ஓடி கம்ப்யூட்டரை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் நிரல்) அமைப்புகளை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. பிளக்கை உருவிவிட்டு, போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள். அதன் பெயர் சிஆர்2032, அதாவது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் எங்கும் கிடைக்கும். இதைச் செய்யும் முன் அறிகுறி 5-இல் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இருட்டுதான் என்றால் மதர்போர்டு அல்லது பிராசசர். மாற்றிப் பார்க்க உதிரிப் பாகம் இல்லாமல் வீட்டில் இதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அறிகுறி 4: லோகோ வந்து அப்படியே நின்றுவிடுகிறது

கீபோர்டு, மவுஸ் தவிர எல்லா யுஎஸ்பியையும் உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். பிரின்டர், கார்டு ரீடர், வெளி ஹார்ட் டிஸ்க் என எது வேண்டுமானாலும் வழியை மறித்திருக்கலாம். தீரவில்லை என்றால் உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது லோகோவைத் தாண்டி 'பூட் டிவைஸ் இல்லை' என்ற செய்தி வந்தால், இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த டிஸ்க்தான். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 5: 'நோ பூட்டபிள் டிவைஸ்', 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்'

பென் டிரைவ் செருகியிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அது இல்லை என்றால் பயாஸுக்குள் போக வேண்டும். ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள், சில கம்ப்யூட்டர்களில் எஃப்10 அல்லது எஸ்கேப். உள்ளே உங்கள் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெயர் இருக்கிறது என்றால்: பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது, அதோடு பயாஸின் அமைப்புகளும் மாறியிருக்கலாம். பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்க வேண்டும். பூட் முறை யுஇஎஃப்ஐயிலிருந்து (புதிய முறை) லெகசிக்கு (பழைய முறை) மாறியிருந்தாலும், போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கோ மாறியிருந்தாலும், நல்ல விண்டோஸ்கூட எழுந்திருக்காது. முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றி, சேமித்துப் பாருங்கள். டேட்டாவுக்கு இதனால் ஆபத்தில்லை. புதிய பேட்டரி போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை மின்சாரம் போனதும் இதே கதைதான்.

பயாஸில் கை வைத்த பிறகு விண்டோஸ் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். பயப்பட வேண்டாம், டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த புதிய லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும், அதன் சாவி அதே கணக்கில் இருக்கும். போனிலேயே அந்தக் கணக்கில் நுழைந்து எடுக்கலாம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் நாளிலேயே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள் என்று தெரிந்த எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாவி தொலைந்தால் டிஸ்க்கில் இருப்பதை எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

பெயர் இல்லை என்றால்: டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் இரு முனையையும் கழற்றி மாட்டுங்கள், வேறு கேபிள், வேறு முனை என்று மாற்றிப் பாருங்கள். எம்.2 எஸ்எஸ்டி (கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் மெல்லிய பட்டை) என்றால் அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து அது தூக்கிக்கொண்டிருக்கலாம். புதிதாக எம்.2 போட்டபின் பழைய டிஸ்க் காணாமல் போனதா? சில போர்டுகளில் எம்.2வில் ஒன்றைச் செருகினால் குறிப்பிட்ட சாட்டா முனைகள் அணைந்துவிடும். பழைய டிஸ்க்கை வேறு முனைக்கு மாற்றினால் வந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சீரான சத்தம் வருகிறதா? உடனே அணையுங்கள். உள்ளே வேறெங்கும் நகல் இல்லாத படங்களோ கணக்குகளோ இருந்தால் இனி ஒருமுறைகூட ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் மீட்கக்கூடியது குறைந்துகொண்டே போகும். ஃபிரீசரில் வைப்பது, தட்டுவது, மூடியைத் திறப்பது எல்லாம் டிஸ்க்கைக் கொன்றுவிடும். டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

அறிகுறி 6: விண்டோஸ் ஆரம்பித்து நடுவில் விழுகிறது

ஆட்டோமேட்டிக் ரிப்பேர் என்று சுற்றிச் சுற்றி வருவது, நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆவது எல்லாம் இதில் சேரும். நீலத் திரையைப் போனில் படம் எடுங்கள், கீழே இருக்கும் ஸ்டாப் கோடு (stop code, பிழையின் பெயர்) தான் முக்கியம்.

ரிப்பேர் திரை தானாக வராவிட்டால், விண்டோஸின் புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை ரிப்பேர் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போங்கள். நான் போகும் வரிசை இது: முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அடுத்து, கோளாறு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வந்தது என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். பிறகு சிஸ்டம் ரெஸ்டோர். அப்புறம் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக ரீஸ்டார்ட் செய்து, 4-ஐ அழுத்தி சேஃப் மோடு (அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் முறை). சேஃப் மோடில் ஒழுங்காக வந்தால் வன்பொருள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று பொருள். கடைசியாகப் போட்ட டிரைவரையோ ஆன்டிவைரஸையோ நீக்குங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான ஒரு அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றபோது, பலர் மீண்டதும் இந்த வழியில்தான். சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் சாவி கையில் இல்லாதவர்கள் அங்கேயே திணறி நின்றார்கள்.

ஸ்டாப் கோடு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் ராம்மீது சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாற்ற வேண்டியதுதான்.

விண்டோஸைப் புதிதாக நிறுவும் 'ரீசெட் திஸ் பிசி'யைத் தொடும் முன் டேட்டாவை வெளியே எடுங்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' உங்கள் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் என்றாலும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் போய்விடும். பழுதான டிஸ்க்கில் அது பாதியில் நின்றால் எல்லாமே சிக்கலாகும். வேறு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள்) ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டினால் பழைய டிஸ்க்கைத் திறந்து வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் இங்கும் அந்த 48 இலக்கச் சாவி வேண்டும். நகல் எடுக்கும்போதே அடிக்கடி நின்று போனால் டிஸ்க் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, முக்கியமானதை முதலில் எடுத்துவிட்டு அதை மாற்றுங்கள்.

அறிகுறி 7: பாஸ்வேர்டு போட்டபின் கறுப்புத் திரை, அம்பு மட்டும் தெரிகிறது

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யை அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். பலிக்காவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்'கில் explorer.exe என்று தட்டி ஓட்டுங்கள், டெஸ்க்டாப்பைக் காட்டும் நிரல் அதுதான். தினமும் இப்படி வந்தால் சேஃப் மோடில் போய் கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

அறிகுறி 8: ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை

ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது, ஷட் டவுன் செய்து மறுநாள் ஆன் செய்தால்தான் மக்கர் என்றால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துப் பாருங்கள். அது இருக்கும்போது ஷட் டவுன் என்பது முழுமையான ஷட் டவுன் அல்ல, பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் செய்தால் அந்த ஒரு முறை முழுதாக அணையும். அப்படிச் செய்த மறுநாள் நன்றாக வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

குளிர்ந்த காலையில் நாலைந்து முறை அழுத்திய பிறகுதான் வருகிறது, சூடானபின் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் தளர்ந்துகொண்டிருக்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், அது சாகும்போது கூடவே மதர்போர்டையும் கொண்டுபோகக்கூடும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

எந்த அறிகுறி, எதுவரை சோதித்தீர்கள், எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரு தாளில் எழுதி, நீங்கள் எடுத்த படங்களோடு கொடுங்கள். "டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று அதே தாளில் முதல் வரியாக எழுதுங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டே கொடுங்கள். ஆன் ஆகாத கோளாறையும் டிஸ்பிளே வராத கோளாறையும் பார்க்க அவர்களுக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை.